கயிறு யார் கையில்? பவளப்பாறைக்குள் சுழியோட நான்கு விளையாட்டுகள்

என் அக்காவின் மகன் தன் பன்னிரண்டாவது பிறந்தநாளுக்குக் கடல் கேட்டான். வெள்ளவத்தையில், ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று முகத்தில் அறையும் வீட்டில் இருந்துகொண்டு கேட்டான். "பவளப்பாறைக்குள் நீந்தித் திரிகிற வீடியோ விளையாட்டு ஒன்று வேண்டும் மாமா. எதை வாங்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்."

அதே மாதத்தில் அலுவலகத் தோழர் ஒருவரும் கேட்டார். இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் மனிதர்; தூங்குமுன் அரை மணி நேரம் தண்ணீருக்குள் கிடந்தால் போதும் என்றார். மூன்றாம் மாடியில் இருக்கும் தம்பதியிடம் நிண்டென்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவி இருக்கிறது. இருவரும் சேர்ந்து விளையாட ஏதாவது கடல் உண்டா என்பது அவர்கள் கேள்வி. மூவருக்கும் வெவ்வேறு பதில் சொன்னேன். அதற்குக் காரணம் கேட்டவர்களுக்கும், இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எதை வைத்து எடைபோடுவது

அம்மாவின் பூர்வீகம் மன்னார்ப் பக்கம். முத்துக்குளிப்பைப் பற்றி அவர் ஊரில் கேட்டு வளர்ந்த கதை ஒன்று உண்டு. சுழியோடி கல்லில் காலை ஊன்றிக் கடலடிக்கு இறங்குவான். அவனுடைய கயிற்றின் மறுமுனை தோணியில் நிற்பவன் கையில் இருக்கும். அந்தக் கயிற்றை மனைவியின் சகோதரனிடம்தான் கொடுப்பார்களாம். தன் தங்கையின் தாலி சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அவன் கண்ணயர மாட்டான்.

நான் இந்த விளையாட்டுகளை அளப்பதும் ஏறத்தாழ அப்படித்தான். முதல் அளவுகோல் மூச்சு. தண்ணீருக்குள் மூச்சு முட்டுமா, முட்டாதா? இந்த ஒரு விதிதான் ஆட்டத்தின் குணத்தையே தீர்மானிக்கிறது. இரண்டாவது கயிறு: தனியாக இறங்குகிறீர்களா, துணைக்கு யாரும் உண்டா? மூன்றாவது, வீட்டில் இருக்கும் கருவியும் மின்சாரமும். நான்காவது கொஞ்சம் என் பிடிவாதம். அங்கே பவளம் வெறும் அலங்காரமா, அல்லது உயிருள்ள பொருள்போல நடந்துகொள்கிறதா? பாடசாலையில் முருகைக்கற்பாறை என்று படித்தோமே, அந்தப் பொருள்.

அழகைக் கணக்கில் சேர்க்கவில்லை. நான்கும் அழகுதான். இரண்டாவது வாரத்தில் கண் பழகிவிடும்.

சப்நோட்டிகா: மூச்சை எண்ணுகிறவர்களுக்கு

அன்னோன் வேர்ல்ட்ஸ் நிறுவனம் 2014 இல் அரைகுறையாக வெளியிட்டு, 2018 ஜனவரியில் முழுமையாக்கிய விளையாட்டு. விண்கலம் நொறுங்கி, கடலால் மூடப்பட்ட 4546பி என்ற கோளில் நீங்கள் தன்னந்தனியாக விழுகிறீர்கள். உயிர்காப்புக் கூண்டின் அடிக்கதவைத் திறந்ததும் பவளத்தோட்டம். ஆழமில்லாத, வெயில் இறங்கும் இடம். பெரிய குழாய்ப் பவளங்கள், தட்டுத் தட்டாகப் படிந்த பவளங்கள், பெரிய கண்ணுடைய சின்ன மீன்கள்.

கையில் இருப்பது 45 விநாடி மூச்சு. இந்த எண்தான் எல்லாவற்றையும் செய்கிறது. முதல் நாள் குகை ஒன்றுக்குள் தலையை நுழைத்து, வந்த வழி மறந்து, 10 விநாடி மிச்சம் என்ற எச்சரிக்கை ஒலிக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ஒரு பாறையையும் வெறும் காட்சியாகப் பார்க்க மாட்டீர்கள். மூளைப் பவளம் காற்றுக் குமிழி விடும். அதனருகே போய் நின்று மூச்சு நிரப்பிக்கொள்ளலாம் என்று கண்டுபிடிக்கும் நாளில் அந்தப் பவளம் உங்களுக்கு உறவாகிவிடும். வேறு எந்த விளையாட்டிலும் ஒரு பவளத்தைக் கண்டு எனக்கு நிம்மதி பிறந்ததில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தட்டுப் பவளத்தைக் கத்தியால் வெட்டி எடுத்தால்தான் கணினிச் சில்லு செய்ய முடியும். குழாய்ப் பவளத்தின் துண்டிலிருந்து குடிநீரைச் சுத்தமாக்கும் திரவம் வரும். இங்கே நீங்கள் சுற்றுலாப் பயணி இல்லை, பாறையை வெட்டிப் பிழைப்பவர். தென்மேற்குக் கரையில் முருகைக்கல்லை உடைத்துச் சுண்ணாம்புச் சூளைக்குக் கொண்டுபோனவர்களின் நியாயம் இதை விளையாடியபோதுதான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. அவர்கள் செய்தது சரி என்று சொல்லவில்லை.

பெற்றோர் கேட்பதால் சொல்கிறேன்: இதில் கொல்லும் துப்பாக்கி இல்லை. 2012 இல் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பாடசாலையில் நடந்த படுகொலையும் அந்த முடிவுக்கு ஒரு காரணம் என்று வடிவமைப்பாளர் சார்லி கிளீவ்லண்ட் சொல்லியிருக்கிறார். துப்பாக்கி இல்லாததால் பயம் குறையும் என்று எண்ணிவிட வேண்டாம், கூடும். நொறுங்கிய கலத்தின் பக்கம் போனால், உருவம் தெரியுமுன்பே ஒரு பெரிய விலங்கின் கத்தல் கேட்கும். திருப்பிச் சுட எதுவுமில்லை. இரவில் ஹெட்ஃபோனோடு விளையாடிய என் தோழர் ஒருவர் அதோடு நிறுத்திவிட்டார்.

மறைந்த செலவுகள் மூன்று. ஒன்று, நேரம். கதையை முடிக்க 25, 30 மணி நேரம் போகும். அதிலும் பெரும்பகுதி ஒளி எட்டாத ஆழத்தில். பவளத்தோட்டத்துக்காக மட்டும் வாங்குகிறவர் முதல் நாலைந்து மணி நேரத்துக்காகத்தான் காசு கொடுக்கிறார். இரண்டு, துணை கிடையாது. முழுக்க முழுக்கத் தனி ஆட்டம்.

மூன்றாவதை நான் பட்டே அறிந்தேன். இந்த விளையாட்டு தானாகச் சேமிக்காது. 2022 மார்ச் கடைசி உங்களுக்கு நினைவிருக்கும். நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் போன காலம். சிறிய நீர்மூழ்கி ஒன்று செய்வதற்காக இரண்டு மணி நேரம் தாதுக்கற்கள் பொறுக்கி, எல்லாவற்றையும் முதுகில் சுமந்து திரும்பிக்கொண்டிருந்தேன். மின்சாரம் அறிவித்த நேரத்துக்கு முன்பே போய்விட்டது. என்னுடையது மேசைக் கணினி, யு.பி.எஸ். இல்லை. இருட்டில் உட்கார்ந்து, இனித் திரும்பி வராத பொருட்களுக்கு வருந்தினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை மேலே வந்து மூச்செடுக்கும்போதும் சேமித்துவிடுகிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

கருவியைப் பொறுத்தவரை கடினமில்லை. குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி நினைவகமும் இன்டெல் எச்.டி. 4600 தரத்திலான வரைகலையும்தான். வட்டில் 20 ஜிபி இடம் வேண்டும். குறைந்தபட்சம் என்பது குறைந்தபட்சம்தான். 8 ஜிபி இல்லாவிட்டால் கொழும்புப் புழுக்கத்தில் மடிக்கணினியின் விசிறி அழ ஆரம்பித்துவிடும்.

தனிமையை விரும்புகிறவர், பயத்தை ரசிக்கிறவர், ஒரு மாதம் மாலைகளைக் கொடுக்கக்கூடியவர் என்றால் வேறு யோசனையே வேண்டாம். பசி, தாகம் பார்ப்பது எரிச்சல் என்றால் தொடக்கத்தில் 'ஃப்ரீடம்' முறையைத் தெரிவு செய்யலாம். மூச்சுக் கணக்கும் அடிபடும் ஆபத்தும் மட்டும் மிஞ்சும். 'கிரியேட்டிவ்' முறையில் அவையும் போய்விடும், கூடவே கதையும் போய்விடும்.

மைன்கிராஃப்ட்: சேர்ந்து இறங்குகிறவர்களுக்கு

"அந்தக் கட்டை விளையாட்டா?" என்று அலுவலகத் தோழர் முகம் சுளித்தார். ஆமாம், உலகமே சதுரக் கட்டைகளால் ஆன அதேதான். 2018 ஜூலையில் வந்த நீர்வாழ் புதுப்பிப்புக்கு முன் அதன் கடல் வெறும் நீல வெளி. அதன் பிறகு வெப்பக் கடல்களில் ஐந்து வகைப் பவளம் வளர்ந்தது: நீலக் குழாய், இளஞ்சிவப்பு மூளை, ஊதாக் குமிழி, சிவப்புத் தீ, மஞ்சள் கொம்பு. இடையிடையே பச்சையாக ஒளிரும் கடல் ஊறுகாய் என்று ஒரு உயிர். பெயர் வைத்தவர் சாப்பாட்டு நேரத்தில் வைத்திருக்க வேண்டும்.

மூச்சு இங்கே இன்னும் குறைவு, 15 விநாடி. ஆனால் வழிகள் நிறைய. கடலடியில் ஆன்ம மணல் கட்டையை வைத்தால் மேல்நோக்கிக் குமிழித் தூண் எழும். அதற்குள் நின்று மூச்சு விடலாம். என் மருமகன் ஒரு கதவைத் தண்ணீருக்கடியில் நட்டு, அது பிடித்து வைத்திருக்கும் காற்றில் நின்று இளைப்பாறுகிறான். இயற்பியல் ஆசிரியர் பார்த்தால் மயங்கி விழுவார்.

என் நான்காவது அளவுகோலில் முந்துவது இதுதான். தண்ணீரை விட்டு வெளியே எடுத்த பவளம் சில விநாடிகளில் சாம்பல் நிறமாகிச் சாகும். செத்த பவளத்தைத் திரும்பத் தண்ணீரில் வைத்தாலும் நிறம் திரும்பாது. 'சில்க் டச்' என்ற மந்திரம் ஏற்றிய கருவி இல்லாமல் பவளக் கட்டையை உடைத்தால் கைக்கு வருவது சடலம் மட்டும். மருமகன் முதல் நாள் ஐம்பது அறுபது கட்டைகளை உடைத்துக் கொண்டுவந்து வீட்டுச் சுவருக்கு வைத்தான். சுவர் முழுக்கச் சாம்பல். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்! யாரும் பாடம் நடத்தவில்லை; அடுத்த நாள் வீட்டைச் சுற்றித் தொட்டி கட்டத் தொடங்கிவிட்டான். விளையாடுகிறவர்கள் சேர்ந்து ஒரு கோடி பவளக் கட்டைகளை வைத்தால் உண்மையான பவளப்பாறைகளைக் காக்க ஒரு இலட்சம் டொலர் தருவதாக 2018 இல் இந்த விளையாட்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனம் அறிவித்தது, வைத்தார்கள், கொடுத்தார்கள்.

கயிறு விஷயத்திலும் இதை மிஞ்ச முடியாது. ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு மூன்று பேர் மேற்கொண்டு காசு செலவில்லாமல் ஒரே உலகத்தில் இறங்கலாம். பழைய கைத்தொலைபேசியிலும் ஓடும். கணினியில் ஜாவா பதிப்பின் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. சில மொழிபெயர்ப்புகள் சிரிப்பூட்டும். இருந்தாலும் பட்டியலில் நம் எழுத்தைப் பார்ப்பது சந்தோஷம்.

மறைந்த செலவு எங்கே என்றால், முதலில் தேடல். புதிய உலகில் வெப்பக் கடல் பக்கத்தில் விழும் என்ற உத்தரவாதம் இல்லை. மணிக்கணக்கில் படகு வலித்துக் குளிர்கடலையே பார்த்தவர்கள் உண்டு. கட்டளைகளை அனுமதித்து உலகத்தை உருவாக்கி, 'லொகேட்' கட்டளையால் இடத்தைக் கண்டுபிடித்துவிடுங்கள். அது ஏமாற்று என்று பிள்ளைகள் சொன்னால், மீனவரும் திசைகாட்டிக் கருவி வைத்திருக்கிறார் என்று சொல்லுங்கள். இரண்டாவது, உள்ளே இருக்கும் கடை. உடைகள், ஆயத்த உலகங்கள் என்று சின்னச் சின்ன விலைக்கு விற்கும். அப்பாவின் அட்டை அந்தச் சாதனத்தில் இணைக்கப்பட்டிருந்தால் மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்க நேரிடும். மூன்றாவது, ஜாவா பதிப்பும் கைத்தொலைபேசியில் இருக்கும் பெட்ராக் பதிப்பும் ஒன்றோடொன்று சேராது. கணினிக்கு இப்போது இரண்டையும் சேர்த்தே விற்கிறார்கள். ஆனாலும் யார் எதைத் திறக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆப்ஸூ: அரை மணி நேரம் மட்டும் உள்ளவர்களுக்கு

ஜயன்ட் ஸ்குவிட் என்ற சிறு நிறுவனம் 2016 இல் வெளியிட்டது. இசை ஆஸ்டின் வின்டரி. மூச்சுக் கணக்கு இல்லை, சாவு இல்லை, பசி இல்லை. ஆயிரக்கணக்கான மீன்கள் கூட்டமாகத் திரும்பும்போது நீங்களும் திரும்புகிறீர்கள். ஆங்காங்கே சிலைகள் இருக்கும். அதன்மேல் அமர்ந்து, ஒவ்வொரு மீனாகப் பெயரோடு பார்த்துக்கொண்டே இருக்கலாம். அலுவலகத் தோழருக்கு இதைத்தான் சொன்னேன்.

நேர்மையாகச் சொன்னால் இது திறந்த உலகம் அல்ல. ஒரு நீர்மண்டபத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒற்றை வழி. முழுவதும் இரண்டு மணி நேரம். பவளம் அழகான திரைச்சீலை, அவ்வளவுதான். சுதந்திரமாகத் திரிய விரும்புகிறவர் ஏமாறுவார்.

எண்ட்லெஸ் ஓஷன் லுமினஸ்: ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்

2024 மே மாதம் வந்தது. 500 க்கும் மேற்பட்ட கடலுயிர்களை ஒளிக்கற்றையால் அளந்து பெயர் அறிந்துகொள்வதுதான் ஆட்டம். மூச்சு முட்டாது, எதுவும் கடிக்காது. ஒவ்வொரு முறையும் கடலின் வரைபடம் புதிதாக உருவாகும். இணையத்தில் 30 பேர் வரை ஒரே கடலில் இறங்கலாம்.

அளப்பது இருபதாவது மணியில் அலுவலக வேலை மாதிரி ஆகிவிடுகிறது. கதையின் அடுத்த அத்தியாயம் திறக்க வேண்டுமானால் இன்னும் இத்தனை உயிர்களை அளந்து வா என்று நிற்கவைக்கும். சேர்ந்து இறங்க நிண்டென்டோவின் இணையச் சந்தா தேவை. ஒரே வீட்டில் ஒரே ஸ்விட்சில் இருவர் விளையாட முடியாது என்பது மூன்றாம் மாடித் தம்பதிக்கு வாங்கிய பிறகுதான் தெரியவந்தது. நான் வாங்க வேண்டாம் என்று சொன்னேன். அவர்கள் அட்டைப்படத்துக்கு மயங்கிவிட்டார்கள். ஆனால் மீன்களின் பெயர்களில் பைத்தியம் பிடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், கையில் ஏற்கெனவே ஸ்விட்ச் இருந்தால், இது நல்ல பரிசு. இதற்காகவே புதிய ஸ்விட்ச் வாங்குவது வீண்.

ஒரு பார்வையில்

| | மூச்சு | துணை | வெளிநாட்டுப் பட்டியல் விலை | பவளம் |
|---|---|---|---|---|
| சப்நோட்டிகா | தொடக்கத்தில் 45 விநாடி | இல்லை | 29.99 டொலர் | வெட்டிப் பயன்படுத்தும் பொருள் |
| மைன்கிராஃப்ட் | 15 விநாடி | உண்டு | கணினிக்கு 29.99, கைத்தொலைபேசிக்குச் சுமார் 7 டொலர் | சாகும் |
| ஆப்ஸூ | எல்லை இல்லை | இல்லை | 19.99 டொலர் | காட்சி |
| எண்ட்லெஸ் ஓஷன் லுமினஸ் | எல்லை இல்லை | சந்தாவோடு இணையத்தில் | 49.99 டொலர் | காட்சி |

விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் நம் நாட்டுக் கணக்குக்குக் காட்டும் விலை இதைவிடக் குறையலாம். பருவகாலத் தள்ளுபடியில் சப்நோட்டிகாவும் ஆப்ஸூவும் நன்றாகவே இறங்கும். அட்டையில் டொலராகக் கழிப்பதால் வங்கி தன் பங்கை மேலே சேர்த்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திரும்பக் கேட்கலாம். சப்நோட்டிகாவின் பயம் உங்களுக்குத் தாங்குமா என்று பார்க்க அது போதும். ஆப்ஸூவை அந்த நேரத்துக்குள் ஓட்டி முடித்துவிட்டுக் காசு கேட்பவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

கடலோர அடுக்குமாடிக்காரர்களுக்கு இன்னொரு செலவு: உப்புக் காற்று. ஜன்னலோரம் வைத்த என் பழைய கணினியின் பொருத்திகள் இரண்டு ஆண்டுகளில் துருவேறிவிட்டன. கடலைப் பார்த்தபடி கடல் விளையாட ஆசைதான். மேசையை உள்பக்கம் தள்ளுங்கள்.

ஐந்தாவது தெரிவு: கொழும்புக் கோட்டையிலிருந்து ரயில்

ஹிக்கடுவை இங்கிருந்து சுமார் 100 கிலோமீற்றர். கரையிலிருந்து நடந்தே இறங்கித் தலையைத் தண்ணீருக்குள் விட்டால் பாறை. அதிர்ஷ்டம் இருந்தால் ஆமை. ரயில் டிக்கெட்டும் முகமூடி வாடகையும் சேர்ந்தாலும் மேலே உள்ள பல விலைகளுக்குக் கீழே. நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் அங்கே கடல் அமைதி. மே முதல் செப்டெம்பர் வரை என்றால் நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு. அதற்கு ஒரு இரவாவது திருகோணமலைப் பக்கம் தங்க வேண்டும்.

விளையாட்டில் பார்த்த வண்ணத்தை அங்கே எதிர்பார்க்காதீர்கள். 1998 இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவைப் பாறையின் பெரும்பகுதி வெளிறி இறந்தது. பவளத்துக்கு நிறமும் உணவும் தருவது அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசி. சூடு கூடினால் பாசி வெளியேறும். சூடு நீடித்தால் பவளம் பட்டினியில் சாகும். சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பும், பவளம் பிழைக்கும். மைன்கிராஃப்டில் இல்லாத இரண்டாம் வாய்ப்பு அதுதான். நீச்சல் தெரியாத பிள்ளையைக் கூட்டிப் போவதானால் பாறைமேல் கால் வைக்க வேண்டாம் என்று முதலே சொல்லிவையுங்கள். பாறைக்கும் நல்லதல்ல, காலுக்கும் நல்லதல்ல.

நீந்தத் தெரிந்தவருக்கு முதலில் ரயிலைத்தான் சொல்வேன். அக்காவுக்கும் சொன்னேன். "முதலில் அவன் நீச்சல் பழகட்டும்" என்றார். அதுவரைக்கும் மைன்கிராஃப்ட் என்று முடிவாயிற்று.

இப்போது சனிக்கிழமைகளில் மேல்மாடிப் பையன் தன் கைத்தொலைபேசியோடு வந்துவிடுகிறான். மருமகன் கீழே இறங்குவான். மற்றவன் படகில் நின்று, இருட்டுகிறது, மேலே வா என்று கத்துவான். போன வாரம் அம்மா பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். படகில் நிற்பது யார் என்று கேட்டார். மேல்மாடிப் பையன் என்றேன்.

அவனுக்குத் தங்கை இருக்கிறாளா என்று கேட்டார்.